வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம்: பழைய கம்ப்யூட்டரே போதும்

பாட்டு இல்லாத தமிழ்க் குடியிருப்பு திருவனந்தபுரத்தில் இல்லை. சாலைக் கடைத்தெருவில் பகலெல்லாம் மூட்டை சுமந்தவரும், பேரேட்டில் கணக்கு எழுதியவரும் இரவில் ஜால்ராவை எடுத்துக்கொண்டு பஜனைக்கு உட்காருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் பாடகர் குழு. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் விடிய விடிய வில்லுப்பாட்டு. இவை போக, தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டிமார் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

இந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி எங்கும் பதிவாகவில்லை. புத்தகத்திலும் இல்லை, இசைத்தட்டிலும் இல்லை. பாடுகிறவர் கண்ணை மூடினால் பாட்டும் அவரோடு போய்விடுகிறது. "அன்றைக்கே ஒரு டேப்பில் பிடித்து வைத்திருக்கலாமே" என்று பிறகு வருத்தப்படாத குடும்பம் இல்லை.

அப்படியானால் ஏன் பதிவு செய்யவில்லை? செலவு என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தாலும், பெயர்பெற்ற ஒலிப்பதிவு மென்பொருள்களின் விலை குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் திருட்டு நகலை யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதோடு வைரஸும் சேர்ந்து வருகிறது. ஒரு நாள் திடீரென்று மென்பொருள் திறக்க மறுக்கிறது. பதிவு செய்து வைத்த பாட்டு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

காசும் கொடுக்காமல், சட்டத்தையும் மீறாமல் இதைச் செய்ய வழி உண்டா? உண்டு. அந்த வழிக்கு இந்தத் திருவனந்தபுரத்தில் கால் நூற்றாண்டு வரலாறே இருக்கிறது. உங்கள் பிள்ளை கேரள அரசுப் பள்ளியில் படிக்கிறதென்றால், அந்தக் கருவி ஏற்கெனவே அதன் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது.

சங்கீதத்துக்குப் பஞ்சமில்லாத ஊர்

சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான இந்தச் சந்தைக்குத் தோவாளைப் பூவும் தமிழ்நாட்டுக் காய்கறியும் இன்றும் வந்து இறங்குகின்றன. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டப் பகுதியும் இதே ராஜ்யத்தோடு இருந்தது. ஆகவே, சரக்கோடு சரக்காகப் பாட்டும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

தைக்காட்டில் உள்ள சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு, அது தொடங்கிய காலத்தில், முதலில் தலைமை ஏற்றவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச அய்யர். பாபநாசம் சிவன் இளம் வயதில் வளர்ந்ததும், நீலகண்ட சிவனின் பஜனையில் மனத்தைப் பறிகொடுத்ததும் இந்த நகரத்தில்தான்.

பாட்டு ஏராளமாக இருந்தாலும் ஒலிப்பதிவு நெடுங்காலம் இங்கே எட்டாக் கனியாகவே இருந்தது. மலையாளப் படப் பாட்டுக்குக்கூடச் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். 1980-ஆம் ஆண்டில் பாடகர் கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. ஓணப் பாட்டும் பக்திப் பாட்டும் கேஸட்டாக வீடு வீடாகப் போயின. ஆனால் அது தொழில்முறைப் பாடகர்களுக்கான வாசல். பஜனை மடத்துப் பாடகருக்கும், பேரனைத் தூளியில் ஆட்டும் பாட்டிக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. அதைத் திறந்துவிட்டது கம்ப்யூட்டர்.

மசாலாப் பொடியும் மென்பொருளும்

ஒரு கம்ப்யூட்டரில் மற்ற எல்லா மென்பொருள்களையும் மேய்த்து நடத்துவதற்கு அடிப்படையான மென்பொருள் ஒன்று வேண்டும். அதற்கு இயக்க முறைமை என்று பெயர். பலரும் அறிந்த விண்டோஸ் அவற்றில் ஒன்று. லினக்ஸ் இன்னொன்று.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாலையில் மசாலாப் பொடி விற்கும் கடைக்காரர் பொட்டலத்தைத் தருவாரே தவிர, சேர்மானத்தைச் சொல்ல மாட்டார். லினக்ஸ்காரர்கள் பொடியையும் கொடுத்து, சேர்மானத்தையும் எழுதிக் கொடுத்து, "உங்கள் ருசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். உபயோகிக்கலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், நகல் எடுத்துப் பிறருக்குத் தரலாம், திருத்தி வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகளும் உள்ளதையே கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். நகல் எடுப்பது இங்கே திருட்டு அல்ல. எடுத்துக்கொள்ளும்படி உரிமப் பத்திரமே சொல்கிறது.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் இந்த முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழு இயக்க முறைமை ஆயிற்று. 2001 ஜூலை 20 அன்று இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் தொடங்கி வைத்த இடம் வேறெதுவும் இல்லை, இதே திருவனந்தபுரம்தான்.

அதன் பலன் பள்ளிக்கூடங்களில் தெரிந்தது. கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே பள்ளிக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. அந்தத் திட்டமே 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக ஆயிற்று. 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் அமைப்பும் நடக்கிறது. பள்ளிகளுக்காகக் கைட் தொகுத்துள்ள லினக்ஸில் ஒலிப்பதிவுக்கான மென்பொருளும் அடக்கம். அதைப் பொதுமக்களும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடப்புத்தகம் மலையாளம், ஆங்கிலம் மட்டுமல்லாமல் தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. சாலையில் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடத்தைத் தாய்மொழியிலேயே கற்கிறார்கள். தகப்பனாருக்கு விளங்காததை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்த வேலைக்கு எந்த மென்பொருள்?

ஒலிப்பதிவுக்கென்று லினக்ஸில் மென்பொருள்கள் நிறையவே இருக்கின்றன. தொடக்கக்காரர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு திணற வேண்டாம். ஐந்தாறு பெயர்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது, ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவர் உருவாக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவு. சதுரப் பொத்தானை அமுக்கினால் நிறுத்தம். ஒலி அலை வடிவாகத் திரையில் ஓடும். இருமல் வந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டி எறியலாம். இது விண்டோஸிலும் ஓடுவதால், லினக்ஸுக்கு மாறும் முன்பே பழகிப் பார்க்க வசதியானது.

இரண்டாவது, ஆர்டர். பால் டேவிஸ் என்பவர் முன்னின்று வளர்த்த இது, முழு ஸ்டூடியோவுக்குச் சமமானது. பாட்டு ஒரு தடத்தில், மிருதங்கம் ஒரு தடத்தில், ஆர்மோனியம் ஒரு தடத்தில், கோரஸ் ஒரு தடத்தில் என்று தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு கூட்டிக் குறைத்து ஒன்றாக்கலாம். குழுவில் நான்கு பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. அவரவர் ஓய்வு நாளில் வந்து அவரவர் பகுதியைப் பாடிவிட்டுப் போகலாம். ஆர்டரின் இணையதளத்தில் தயார் நிலையில் உள்ளதை வாங்கக் கட்டணம் கேட்பார்கள். லினக்ஸ் தொகுப்புகளோடு வரும் ஆர்டருக்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, ஹைட்ரஜன் என்பது தாளத்துக்கு; எல்.எம்.எம்.எஸ். என்பது கீபோர்டு, தாளம் முதலியவற்றை அடுக்கிப் பின்னணி இசை அமைப்பதற்கு. மியூஸ்ஸ்கோர் என்பது மேல்நாட்டு முறையில் ஸ்வரம் எழுத. தேவாலயப் பாடகர் குழுக்களுக்குக் கடைசியாகச் சொன்னது மிகவும் உபயோகப்படும்.

இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போடச் சிரமமாக இருந்தால், இசைக்காகவே தொகுத்த உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் 2007 முதல் வெளிவருகிறது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் உள்ளதை எதுவும் தொடாமல், அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிரந்தரமாக நிறுவிக்கொள்ளலாம்.

கை மாறினாலும் கை விட்டுப் போகாது

"இன்றைக்கு இலவசம் என்பார்கள், நாளைக்குக் காசு கேட்டால்?" என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு ஆடாசிட்டியின் கதையே பதில்.

2021-இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் ஆடாசிட்டியை வாங்கியது. உபயோகிப்பவரைப் பற்றிய சில விவரங்களைச் சேகரிக்கும் யோசனை வெளியானதும் உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. நிறுவனம் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குள், சேர்மானம் எல்லோர் கையிலும் இருந்த காரணத்தால், அதையே எடுத்து டெனாசிட்டி என்ற பெயரில் வேறு சிலர் தனி மென்பொருளை உருவாக்கினார்கள். ஆடாசிட்டியும் தொடர்ந்து இலவசமாகவே கிடைக்கிறது.

கடை கை மாறினாலும் சேர்மானம் ஊர் கையில் இருந்தால் பொடி கிடைக்காமல் போகாது. விலை இல்லை என்பதைவிட இதுதான் பெரிய லாபம். முப்பது வருஷம் கழித்துப் பேரன் கேட்க வேண்டிய குரலை, ஒரு நிறுவனத்தின் தயவில் விட்டு வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

என்னென்ன வேண்டும்?

புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஏறாது. அதனால் நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டர்களும் கழிக்கப்படுகின்றன. அப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால் லினக்ஸுக்குத் தாராளமாகப் போதும். ஆடாசிட்டிக்கு 4 ஜி.பி. நினைவகம் போதுமானது. ஆர்டரில் பல தடங்கள் வைத்து வேலை செய்ய 8 ஜி.பி. இருந்தால் நலம்.

அடுத்தது மைக். கம்ப்யூட்டரோடு உள்ள சிறு மைக்கில் விசிறிச் சத்தமும் சேர்ந்து விழும். யு.எஸ்.பி. வழியாக நேரே செருகும் மைக் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாத்தியத்தோடு பாடுகிறவர்களுக்கு, இரண்டு மைக் செருகக்கூடிய யு.எஸ்.பி. ஒலிப்பெட்டி மேல். வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்குத் தனி டிரைவர் போட வேண்டுமா?" வேண்டாம் என்றால், அது பெரும்பாலும் லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். வேண்டும் என்றால், வேறு பெட்டியைப் பாருங்கள். இது தெரியாமல் வாங்கிவிட்டு லினக்ஸின் மேல் பழி போடுகிறவர்கள் பலர்.

மூன்றாவது, காதை மூடும் ஹெட்போன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே பதிவு செய்தால், ஸ்பீக்கர் சத்தமே மறுபடி மைக்கில் ஏறும்.

நான்காவது, அறை. இதற்குக் காசு வேண்டாம், யோசனை வேண்டும். வெறும் சுவர் எதிரொலிக்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் எதிரில் பாட வேண்டும். பின்னால் கொடியில் ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிடலாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. சாலையில் வண்டிகள் அடங்கும் நேரம் பார்த்து உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பாடும்போது ஒலி அளவைக் காட்டும் பட்டை உச்சியைத் தொடக் கூடாது. உரக்கப் பாடும் இடத்திலும் மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழேயே நிற்கட்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சியில் முட்டிச் சிதைந்ததைச் சரிசெய்வது மிகக் கடினம்.

பாட்டு தொடங்கும் முன் ஐந்து வினாடி சும்மா இருந்து, அறையின் மௌனத்தையும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டிக்கு அந்த மௌனத்தை மாதிரியாகக் காட்டினால், அதில் உள்ள இரைச்சலை முழுப் பாட்டிலிருந்தும் குறைத்துத் தரும். அளவோடு செய்ய வேண்டும். மிதமிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

"செல்போன் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்கலாம். ஒன்றுமே இல்லாததற்குச் செல்போன் பதிவு எவ்வளவோ மேல். ஊரில் பாட்டி பாடும்போது அதில் பிடித்து வந்து, இங்கே கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்யலாம். ஆனால் போன் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கியே சேமிக்கிறது. போன் தொலைந்தால் பாட்டும் தொலைகிறது. பல தடங்களை அமைத்து வேலை செய்யும் வசதியும் அதில் குறைவு.

குமாஸ்தாக்களுக்கு ஒரு கணக்கு

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். காம்பாக்ட் டிஸ்க் தரத்தில் கம்ப்யூட்டர் ஒலியலையை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். இடது, வலது என்று இரண்டு பக்கம். ஒரு மணிக்கு 3,600 வினாடி. எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 635 மெகாபைட். ஒற்றை மைக்கில் பதிந்தால் அதில் பாதி. 500 ஜி.பி. தட்டில் ஏறக்குறைய 780 மணி நேரம் அடங்கும். பஜனைக் குழுவுக்கு இது ஆயுளுக்கும் போதும்.

இதையே 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் மணிக்கு 58 மெகாபைட்தான். ஆனால் காதுக்கு எளிதில் தெரியாத ஒலிகளைக் கழித்துத்தான் அது சுருக்குகிறது. கழித்தது திரும்பி வராது. வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3 போதும். காப்பாற்றி வைக்க பிளாக் என்ற வடிவம் நல்லது. அதுவும் இடத்தைக் குறைக்கும். ஒரு துளியையும் இழக்காது. அதன் சேர்மானமும் பகிரங்கமானது என்பதால், எந்தக் காலத்திலும் அதைத் திறக்கும் மென்பொருளை யாராவது எழுதிக்கொள்ள முடியும்.

பரண் மேல் உள்ள கேஸட்டுகள்

பல வீடுகளில் கல்யாணப் பாட்டும் காலஞ்சென்ற தகப்பனாரின் குரலும் கேஸட்டில் அடைந்து கிடக்கின்றன. கேரளத்து ஈரக்காற்று அவற்றுக்கு எமன். கேஸட்டின் கண்ணாடி வழியே பாருங்கள்: சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கெடும், இயந்திரமும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போட வேண்டும்.

நல்ல நிலையில் உள்ளதை நாமே மாற்றலாம். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் எடுத்து, யு.எஸ்.பி. ஒலிப்பெட்டியின் 'லைன்' துளையில் செருகுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருக வேண்டாம். மைக்குக்கான மெல்லிய ஓட்டத்துக்கு அமைந்த துளை அது, ஒலி சிதையும். முதலில் டேப்பின் தலையைப் பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தான், டேப்பில் ஓட்டும் பொத்தான், அவ்வளவுதான். 60 நிமிஷக் கேஸட்டுக்கு 60 நிமிஷம் ஆகும். குறுக்கு வழி தேடாதீர்கள். வாரம் இரண்டு கேஸட் என்று வைத்துக்கொண்டால் வருஷத்தில் நூறு முடிந்துவிடும்.

தாளம் பிந்துவது ஏன்?

பல தடப் பதிவில் இறங்கியவர்கள் முதலில் சொல்லும் புகார், "நான் தட்டுவது ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது" என்பது. காரணம் இதுதான். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. பொட்டலம் பெரிதானால் கட்டி முடிக்க நேரம் ஆகும்.

வினாடிக்கு 48,000 அளவு என்ற கணக்கில், 1,024 அளவுள்ள இரண்டு பொட்டலத்துக்குச் சுமார் 43 மில்லி வினாடி. அதாவது குடம் அடிப்பவரைப் பாட்டுக்காரரிடமிருந்து 14 மீட்டருக்கு அப்பால் உட்கார வைத்த மாதிரி! தாளம் பிந்தாமல் என்ன செய்யும்? பொட்டலத்தை 128 ஆகக் குறைத்தால் தாமதம் 5 மில்லி வினாடியாகிவிடும். அது இரண்டு மீட்டருக்கும் குறைந்த தூரம். வில்லடிக் குழு நெருங்கி உட்காருவதைப் போன்றது.

பொட்டலம் சிறுக்கச் சிறுக்கக் கம்ப்யூட்டருக்கு ஓட்டம் அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் 'டப்' என்ற சத்தம் கேட்கும். லினக்ஸில் ஒரு காலத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. நேரம் தவறாமல் வேலையை முடிக்கும் திறனை லினக்ஸின் கருவுக்குள் கொண்டுவரப் பலர் இருபது வருஷம் உழைத்தார்கள். அந்த வேலை முழுமையாக உள்ளே சேர்ந்தது 2024-இல்தான். இது தவிர, ஒலியை மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பைப்வயர் என்ற ஏற்பாடு இப்போது முக்கியமான லினக்ஸ் தொகுப்புகளில் தானாகவே அமைந்து வருகிறது. முன்பு அரை நாள் மல்லாடிச் செய்தது, இப்போது சில நிமிஷத்தில் முடிகிறது. பதிவு செய்யும்போது சிறு பொட்டலம்; பதிந்த பின் கலவை செய்யும்போது பெரிய பொட்டலம். இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்தால் போதும்.

குறைகளும் உண்டு

எல்லாம் வெல்லமாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் வழக்கத்தில் உள்ள புரோ டூல்ஸ் லினக்ஸில் ஓடாது. அங்கே உத்தியோகம் தேடும் இளைஞர் அதையும் படித்தாக வேண்டும். ஆனால் மைக் வைக்கும் முறை, ஒலி அளவு, தடம் பிரித்தல், கலவை ஆகிய அடிப்படைகள் எதில் கற்றாலும் ஒன்றே. ஆர்டரில் கை பழகியவர் மற்றதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். தடங்களை வேவ் கோப்புகளாக மாற்றிக் கொடுத்தால் எந்த ஸ்டூடியோவும் வாங்கிக்கொள்ளும்.

ஹைட்ரஜனோடு வரும் தாளவாத்தியங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு டிரம்கள். மிருதங்கமும் உடுக்கையும் தவிலும் வேண்டுமானால் நாமே ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பதிந்து அதில் சேர்க்க வேண்டும். சேர்க்க வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். அப்படிச் சேர்த்ததை மற்றவர்களுக்கும் கொடுத்தால், அடுத்த குழுவுக்கு அந்தச் சிரமம் இல்லை. கமகம் நிறைந்த நமது ராகங்களைக் கீபோர்டில் கொண்டுவருவதும் எளிதல்ல. அதனால் குரலையும் வாத்தியத்தையும் நேரே பதிவு செய்வதே நமக்கு ஏற்றது.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டுமே என்றால், 'கணியம்' என்ற தமிழ் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. கேரள அரசின் ஐ.சி.பாஸ் மையமும் இந்நகரிலேயே இயங்குகிறது.

வெளியிடும் முன் ஒரு வார்த்தை

பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு. சினிமாப் பாட்டை நாமே பாடியிருந்தாலும் வரியும் மெட்டும் பிறர் உடைமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். வீட்டில் பாடிக் கேட்கலாம். அனுமதியின்றி வெளியிட்டுப் பணம் பண்ணினால் வம்பு வரும். 1846-இல் மறைந்த சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆசிரியர் பெயர் தெரியாமல் வாய்வழி வந்த தாலாட்டுக்கும் கும்மிக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆயினும் பாடியவரின் சம்மதத்தைக் கேட்டு, அவர் பெயரையும் போடுவதே முறை. ஒப்பாரி போன்றவற்றை வெளியிடும் முன் குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று மலைக்க வேண்டாம். வீட்டிலேயே வயதில் மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். வாத்தியம் வேண்டாம், கலவை வேண்டாம். ஒரு மைக், ஆடாசிட்டி, ஒரு பாட்டு. பாட்டுக்கு முன்னால் பாடுகிறவர் தம் பெயரையும் ஊரையும், பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் தம் குரலிலேயே சொல்லட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாடியவர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். "புதிய பாட்டு 7" என்று வைத்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே விளங்காது.

முடிந்தவுடன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டு போய், அங்கே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.